சைனஸ் உயர்த்தல் சிகிச்சையில் மருந்துகள்

மேல்தாடையின் கடைவாய்ப் பற்கள் போனபின் அங்குள்ள என்பு தேய்ந்துவிடும். இம்பிளான்ட் எனும் செயற்கைப் பல்வேரை நட உயரம் போதாது. கன்னத்தின் உள்ளே இருக்கும் காற்றறையான சைனஸின் அடிச்சவ்வை உயர்த்தி, அதன் கீழ் என்புத்துகள் இடுவதே இச்சிகிச்சை. அமெரிக்கரான ஹில்ட் டாட்டம் 1970களில் தொடக்கிவைத்தார். பாய்ன், ஜேம்ஸ் இருவரும் 1980இல் கட்டுரையாக வெளியிட்டனர். சவ்வின் தடிப்பு பெரும்பாலும் 1 மில்லிமீற்றர் கூட இராது. அது கிழிவதே அடிக்கடி நேரும் சிக்கல். கிழிந்த சவ்வை எந்தக் குளிசையும் ஒட்டாது.

கிருமித்தொற்றைத் தடுக்க அமொக்சிசிலின், தனித்தோ கிளவுலானிக் அமிலத்துடனோ, வழக்கமாகச் சிகிச்சைக்கு ஒரு மணிநேரம் முன்பு தொடங்கப்படும். பென்சிலின் ஒவ்வாதவர் அதை முன்கூட்டியே சொல்லவேண்டும். வாய் கொப்பளிக்கக் குளோர்ஹெக்சிடின். நோவுக்குப் பனடோல் அல்லது இபுபுரூபன். வீக்கத்துக்குச் சிலருக்கு டெக்சாமெதசோன். மூக்கடைப்புக்கான சைலோமெட்டசோலின் துளிகளைச் சில நாட்களுடன் நிறுத்திவிடவேண்டும். நீடித்தால் அடைப்பே கூடும். மூக்குச் சீறக்கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்மவேண்டும். மருந்துச் சீட்டில் எழுதப்படாத இந்த இரண்டும் சீட்டிலுள்ள மருந்துக்குச் சற்றும் குறைந்தவை அல்ல.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இச்சிகிச்சையை நாடுவோரிடம் முதலில் கேட்கவேண்டியது, ஏற்கெனவே என்ன குளிசை எடுக்கிறார்கள் என்பதையே. சீனி வருத்தம் கட்டுக்குள் இல்லாவிடில் புண் ஆறச் சுணங்கும். டெக்சாமெதசோன் சீனியை மேலும் ஏற்றும். இருதயத்துக்காக அஸ்பிரின் எடுப்பவர் தாமாக நிறுத்துவது ஆபத்து. என்பு தேய்வுக்கு அலென்ட்ரோனேற் எடுக்கும் மூதாட்டி அதைச் சொல்லாமல் விட்டால் தாடை என்பே அழுகிப்போகக்கூடும். சுருட்டுப் புகைப்பதும் இட்ட என்பு பிடிப்பதைக் கெடுக்கும்.

என்புத்துகளில் ஒருவகை மாட்டு என்பிலிருந்து செய்யப்படுவது. சைவக் குடும்பங்கள் நிறைந்த ஊரில் இதை நோயாளிக்கு முன்னரே சொல்லி, சம்மதம் பெறுவது மருத்துவரின் கடமை. செயற்கையான கல்சியம் பொஸ்பேற் வகைகளும் உண்டு.

புது என்பு உறுதியாகப் பொதுவாக 6 முதல் 9 மாதம் செல்லும். நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து திரும்பும் புலம்பெயர்ந்தோருக்கு ஒரே பயணத்தில் முடியும் வேலை அன்று. பலாலியில் விமானம் ஏறினாலும் கட்டுநாயக்காவில் ஏறினாலும் காற்றழுத்த மாற்றம் சைனஸைத் தாக்கும்; பறக்கும் நாளை மருத்துவரிடம் கேட்டே குறிக்கவேண்டும். இட்ட என்பின் வகையும் எடுத்த மருந்துகளும் எழுதிய தாளைக் கையோடு கொண்டுபோனால், அங்குள்ள மருத்துவர் இம்பிளான்ட் வேலையைத் தடுமாறாமல் தொடரலாம்.