ஐந்தொகையில் ஏறிய சந்தை விலை

ஒரு கம்பெனியின் ஐந்தொகையில் கடன்பத்திரங்களுக்கும் பங்குகளுக்கும் எதிரே எந்தத் தொகையை எழுதுவது, வாங்கிய நாளில் கொடுத்த விலையையா, கணக்கு முடிக்கும் நாளில் சந்தையில் கிடைக்கக்கூடிய விலையையா என்ற கேள்வி, கணக்கர்களின் அறைக்குள்ளேயே தீர்ந்துவிடக்கூடிய சிறு விவகாரமாகத் தோன்றலாம். ஆனால் அமெரிக்க தேசத்தில் சென்ற நூறு ஆண்டுகளாக இந்தக் கேள்விக்கு விடை மாறிய சந்தர்ப்பங்களை வரிசையாகப் பார்த்தால், அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு முன்னோ பின்னோ வங்கிகள் வீழ்ந்ததையும், சாமானிய ஜனங்களின் சேமிப்பு ஊசலாடியதையும் காண்கிறோம்.

1920-களில் அங்கே மின்சாரக் கம்பெனிகளை ஆட்டிவைத்த பெரிய ஸ்தாபனங்கள், தங்கள் சொத்துக்களின் மதிப்பைத் தாங்களே மனம்போல் உயர்த்தி எழுதிக்கொண்டு, அந்த எழுத்தையே ஆதாரமாகக் காட்டிப் பங்குகளை விற்றன. ஃபெடரல் டிரேட் கமிஷன் நடத்திய விசாரணையில் இவற்றைத் தோண்டி எடுத்த வழக்கறிஞர் ராபர்ட் ஹீலி, 1934-இல் பங்குச் சந்தைகளைக் கண்காணிக்க ஏற்பட்ட புதிய ஆணையத்தில் உறுப்பினரானார். மதிப்பை ஏற்றி எழுதும் வழக்கத்தை அவர் விடாப்பிடியாக எதிர்த்ததன் பலனாக, வாங்கிய விலையே கணக்கின் தர்மம் என்ற கொள்கை பல தசாப்தங்களுக்கு வேரூன்றியது.

வங்கிகளின் கதை சற்று வேறு. அவற்றின் கையிலிருந்த கடன்பத்திரங்களைப் பரிசோதகர்கள் அக்காலத்தில் பெரும்பாலும் சந்தை விலையிலேயே மதித்து வந்தார்கள். 1937-இல் தொடங்கிய மந்தத்தில் பத்திரங்களின் விலை சரிந்தபோது, வட்டி தவறாமல் வந்துகொண்டிருந்த நல்ல பத்திரங்களுக்குக்கூட நஷ்டம் எழுத நேர்ந்ததால், வங்கிகள் கடன் கொடுக்கவே அஞ்சின. மத்திய வங்கியின் தலைவர் மாரினர் எக்கிள்ஸ் இதைக் கடுமையாக ஆட்சேபித்தார். 1938 ஜூனில் கண்காணிப்பு அதிகாரிகள் ஒருங்கே உடன்பட்டு, தரமான பத்திரங்களைச் சந்தை விலையில் மதிக்கும் முறையைக் கைவிட்டார்கள். அந்நாளைய நிலைமையில் அது நியாயமான முடிவென்றே நான் கருதுகிறேன். ஆயினும், முதிர்வு நாள் வரை அந்தப் பத்திரங்களை விற்காமல் வைத்திருக்கும் சக்தி வங்கிக்கு உண்டு என்ற நம்பிக்கையின்மீதே அது நின்றது.

அந்த நம்பிக்கை பொய்க்கும் விதத்தை ஓர் உதாரணத்தால் காணலாம். நூறு ரூபாய் முகமதிப்புள்ள பத்திரம் ஆண்டுக்கு 4 ரூபாய் வட்டி தருகிறது, முதிர்வுக்கு இன்னும் பத்து ஆண்டுகள் உள்ளன என்று கொள்வோம். நாட்டில் வட்டி விகிதம் 8 சதவீதமாக உயர்ந்துவிட்டால், அந்தப் பத்திரத்தை இன்று வாங்குகிறவர் சுமார் 73 ரூபாய்க்கு மேல் கொடுக்கமாட்டார். கணக்கில் நூறு நூறாகவே இருக்கும். கையில் இருப்பதோ 73. வைப்பாளர்கள் பணத்தைக் கேட்காதவரையில் இந்த வித்தியாசம் யார் கண்ணிலும் படாது.

அமெரிக்காவின் சேமிப்பு–கடன் சங்கங்களுக்கு நேர்ந்தது இதுதான். குறுகிய காலத்துக்கு வாங்கிய பணத்தை, முப்பது ஆண்டு வீட்டுக் கடனாக மாறாத வட்டியில் கொடுத்திருந்த அவை, 1979-க்குப் பின் வட்டி விகிதம் பாய்ந்தேறியபோது உள்ளுக்குள் திவாலாகியும், ஏடுகளில் திடகாத்திரமாகவே காட்சியளித்தன. விலை ஏறிய பத்திரங்களை விற்று லாபம் காட்டுவதும், இறங்கியவற்றைப் பழைய விலையிலேயே வைத்துக்கொள்வதும் வழக்கமாயின. 1986 முதல் 1995 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட சங்கங்கள் வீழ்ந்தன. வரி செலுத்துவோர் தலையில் விழுந்த சுமை ஏறக்குறைய 12,400 கோடி டாலர். 1990-இல் பங்குச் சந்தை ஆணையத்தின் தலைவர் ரிச்சர்ட் பிரீடன், சந்தை மதிப்பையே கணக்கில் காட்டவேண்டுமென்று செனட் குழுவின் முன் வாதாடினார். ஹீலி அமர்ந்த அதே ஆணையம் தன் பழைய கொள்கைக்கு நேர்மாறாகப் பேசியது! 1993-இல் பிறந்த விதி ஒரு சமரசம்: வியாபாரத்துக்கு வைத்தவையும் விற்கக்கூடியவையும் நியாய மதிப்பில், முதிர்வு வரை வைத்திருப்பவை பழைய முறையிலேயே.

சந்தையே இல்லாத இடத்தில் நியாய மதிப்பை எப்படிக் காண்பது? என்ரான் கம்பெனி, நெடுங்கால ஒப்பந்தங்களிலிருந்து வருங்காலத்தில் கிடைக்கும் என்று தானே கணித்த லாபத்தைக் கையெழுத்திட்டவுடன் வரவு வைத்துக்கொண்டு, 2001 டிசம்பரில் திவாலானது. 2006-இல் வந்த விதி, விற்றால் கிடைக்கக்கூடிய விலையே நியாய மதிப்பு என்று வரையறுத்து, அதை அறியும் வழிகளை மூன்று படிகளாகப் பகுத்தது. நம் தருக்க சாஸ்திரத்தின் பரிபாஷையில் சொன்னால், சந்தையில் நேரே தெரியும் விலை பிரத்தியட்சம்; ஒத்த பத்திரங்களின் விலையைக் கொண்டு அறிவது உபமானம்; கம்பெனியே தன் ஊகங்களைக் கொண்டு கணிப்பது அனுமானம்.

2008-இல் இந்த மூன்றாம் படியே பெருஞ்சோதனைக்கு உள்ளாயிற்று. அவ்வாண்டு ஜூன் முடிவில் 1,110 கோடி டாலர் என்று தன் கணக்கில் காட்டிய வீட்டுக்கடன் சார்ந்த பத்திரத் தொகுதியை, மெரில் லிஞ்ச் ஸ்தாபனம் அடுத்த மாதமே 670 கோடிக்கு விற்றது. அதன் முகமதிப்போ 3,060 கோடி. சந்தை மதிப்பே வங்கிகளைக் கொன்றதென்று பலர் கூக்குரலிட்டனர். பங்குச் சந்தை ஆணையத்தின் ஆய்வு அந்தக் குற்றச்சாட்டை ஏற்கவில்லை. ஆனாலும் 2009 ஏப்ரலில் விதி தளர்த்தப்பட்டது.

2023 மார்ச்சில் 1938-இன் பழைய பிரச்சினை மீண்டும் தலைகாட்டியது. சிலிக்கன் வேலி வங்கி, முதிர்வு வரை வைத்திருப்பதாகச் சொன்ன பத்திரங்களை ஏறக்குறைய 9,100 கோடி டாலராகக் காட்டியது. அவற்றின் சந்தை மதிப்பு சுமார் 7,600 கோடி. வித்தியாசம் அதன் சொந்த மூலதனம் முழுவதையும் கிட்டத்தட்ட விழுங்கக்கூடியது. வைப்பாளர்கள் ஒரே நாளில் 4,200 கோடியை எடுத்தார்கள். மறுநாள் வங்கி மூடப்பட்டது.

மறைத்த நஷ்டம் கரைவதில்லை. அனுமான லாபம் கைப்பணமாகிவிடுவதும் இல்லை. இவற்றுள் இரண்டாவதை நம் ரிசர்வ் வங்கி, 2024 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்த விதிகளில் கவனித்திருக்கிறது. அவற்றின்படி, மூன்றாம் படி மதிப்பீட்டால் ஏற்பட்ட, இன்னும் கைக்கு வராத லாபத்திலிருந்து இந்திய வங்கிகள் பங்காதாயம் கொடுக்கலாகாது; அதை மூலதனமாக எண்ணிக்கொள்ளவும் கூடாது.