கார்ட்டிசோன் வந்த வரலாறு

முடக்குவாதத்தால் படுத்தவர் எழுந்து நடந்தார் எனக் கேட்டால், அஃது எந்தத் தெய்வத்தின் அருள் என வினவுவோர் நம்மவருள் இன்னும் பலர். 1948-ஆம் ஆண்டில் அமெரிக்காவில், ராச்செஸ்டர் நகரத்து மேயோ வைத்தியசாலையில் அவ்வாறு ஒன்று நிகழ்ந்தது. அதற்கு முன் சென்ற பத்தொன்பது ஆண்டுகளின் உழைப்பையே ஈண்டு நாம் சொல்ல விழைகின்றோம்.

1929-இல் அங்குப் பணியாற்றிய பிலிப் ஹென்ச் என்னும் வைத்தியரிடம் முடக்குவாத நோயாளி ஒருவர் வந்தார். அவருக்கு மஞ்சட்காமாலை கண்டது; உடனே மூட்டுவலி தணிந்தது. கிரகம் மாறிற்று என்று சொல்லி வாளா இருந்துவிடலாம். ஹென்ச் அவ்வாறு இருந்தாரில்லை. அத்தகையோரை ஒவ்வொருவராய்க் குறித்து வைத்தார். கருவுற்ற பெண்களிடத்தும் இந்நோய் தணிதலைக் கண்டார். ஆகவே இருபாலார் உடலிலும் ஊறும் ஏதோ ஒரு பொருளே இதனைச் செய்கின்றதெனக் கருதி, அதற்கு ‘எக்ஸ்’ என்று பெயரிட்டார்.

அதே இடத்தில் எட்வர்டு கெண்டல் என்னும் ரசாயன நிபுணர், மாட்டின் அட்ரினல் சுரப்பியிலிருந்து பல பொருள்களைப் பிரித்தெடுத்து வந்தார். அவற்றுள் ‘ஈ’ எனப்பட்டதைச் சோதிக்க 1941-இலேயே இருவரும் எண்ணினர். ஆயினும் சோதனைக்குப் போதிய பொருள் கிட்டவில்லை. மெர்க் கம்பெனியின் லூயிஸ் சாரெட், மாட்டுப் பித்தத்திலிருந்து அதனை ஆக்கும் வழி கண்ட பின்னரே சிறிது கிடைத்தது.

1948 செப்டம்பர் 21-இல், 29 வயதுப் பெண்ணொருவருக்குத் தசையில் ஊசி வழியாய் அது செலுத்தப்பட்டது. நடத்தலே அரிதாயிருந்த அவர், ஒரு வாரத்தில் கடைவீதி சென்று வந்தார்! கார்ட்டிசோன் என்னும் பெயர் உலகெங்கும் பரவியது. 1950-இல் ஹென்ச், கெண்டல், சுவிட்சர்லாந்து ஆராய்ச்சியாளர் ரைக்ஸ்டைன் மூவரும் நோபெல் பரிசு பெற்றனர்.

பத்திரிகைகள் அற்புதம் என்றன. நோயை வேரறுக்கும் மருந்தென ஹென்ச் சொல்லவில்லை. நிறுத்தியவுடன் நோய் மீண்டது. தொடர்ந்தால் முகம் உப்பிற்று, எலும்பு நலிந்தது, சிலருக்கு மனமும் கலங்கிற்று.

ஒரு முழங்கால் வலிக்காக உடல் முழுவதையும் மருந்தில் ஏன் தோய்க்க வேண்டும்? 1951-இல் பிலடெல்பியாவின் ஜோசப் ஹாலண்டர் மூட்டினுள்ளேயே ஊசி போட்ட முடிவுகளை வெளியிட்டார். ஆங்கு கார்ட்டிசோன் அவ்வளவாய்ப் பயன்படவில்லை, ஹைட்ரோகார்ட்டிசோன் பயன்பட்டது. கல்லீரலில் ஹைட்ரோகார்ட்டிசோனாய் மாறிய பின்னரே கார்ட்டிசோன் வேலை செய்யும் என்பதே காரணம். அவர் காட்டிய வழியே பின்னர் தோள்பட்டைக்கும், தசைநாண் உறைகளுக்கும், முதுமையில் தேய்ந்த முழங்காலுக்கும் சென்றது.

வலி வரும்போதெல்லாம் “ஊசி போடுங்கள்” என வைத்தியரை வற்புறுத்துவோர் ஒன்றை அறிதல் நலம். தேய்ந்த முழங்காலுடைய 140 பேரை இரண்டாண்டு கவனித்த அமெரிக்க ஆராய்ச்சியொன்று 2017-இல் வெளிவந்தது. ஒரு சாராருக்குப் பன்னிரண்டு வாரத்திற்கொரு முறை இவ்வினத்து மருந்தாகிய டிரையாம்சினோலோனும், மறுசாராருக்கு வெறும் உப்பு நீரும் செலுத்தினர். ஈராண்டின் முடிவில் வலியில் வேறுபாடில்லை. மருந்து பெற்றோரின் குருத்தெலும்போ மிகுதியாய்த் தேய்ந்திருந்தது. ஒரே மூட்டில் ஆண்டுக்கு மூன்று நான்கு முறைக்கு மேல் இவ்வூசி போட வைத்தியர் பெரும்பாலும் இணங்குவதில்லை.