துரையின் கணக்கும் கங்காணியின் ஒழுங்கும்

இலங்கையின் ஊவாத் தோட்டங்கள் ஒழுங்காக நடந்ததற்கு வெள்ளைக்காரத் துரைமாரின் நிர்வாகத் திறமையைத்தான் பலரும் காரணம் காட்டுவார்கள். பேரேடு துரையுடையதுதான், ஆனால் ஆட்களையும் அவர்களுடைய அடுப்படியையும் ஒரு நேரத்துக்குள் கொண்டுவந்தவர், ஆள் சேர்த்து வந்து வேலை வாங்கிய கங்காணி. அதையே பிழைப்பாகக் கொண்டவர் அவர். கோப்பிக் காலத்தில் பழம் பறிக்கும் மாதங்களுக்கு ஆள் கட்டி வந்து, பெரும்பாலோரை ஊருக்குத் திருப்பிக் கூட்டிப்போனால் போதும். 1869 இல் மடுல்சீமைப் பக்கம் கோப்பி இலையில் கண்ட நோய் இருபது ஆண்டுக்குள் அந்தப் பயிரையே ஏறக்குறைய முடித்துவிட்டது. பின்னால் வந்த தேயிலை அப்படிப்பட்டதல்ல. வாரம் பத்து நாளுக்கு ஒருமுறை எடுக்காவிட்டால் கொழுந்து முற்றிவிடும். கொழுந்துக்குப் பெண்கள், கவ்வாத்துக்கு ஆண்கள் என்று வருடம் முழுவதும் ஆள் வேண்டியிருந்ததால் குடும்பங்களையே லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், குடியேற்ற வேண்டியதாயிற்று.

வீடும் வேலையும் ஒரே கையில் வந்து விழுந்தது அப்போதுதான். தன் ஆட்களில் எத்தனை பேர் வேலைக்கு இறங்கினார்களோ அத்தனைக்குக் கங்காணிக்குத் தலைக்காசு. பிந்தி எழும்பும் வீடு அவருக்கு நட்டம். விடியுமுன் தப்பு அடிக்கும். ஆட்கள் கூடும் பெரட்டுக்களத்தில் செக்ரோல் என்ற வரவுப் பதிவில் பேர் விழுவதற்குள் ரொட்டி சுட்டு, தண்ணீர் பிடித்து, கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டுத் தாய் கூடையோடு நிற்க வேண்டும். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் கொங்காணி எங்கே, படங்குச் சாக்கு எங்கே, மாவுத் தகரம் எங்கே என்பது இருட்டிலும் கைக்குத் தெரிந்திருந்தது இந்த அவசரத்தால்தான். துப்புரவு பற்றி எந்தத் துரையும் சொல்லிக்கொடுத்ததால் அல்ல.

கங்காணி ஊர்க்காரர், உறவுக்காரர், கல்யாணத்துக்கும் சாவுக்கும் முன்னிற்பவர். ஆட்கள் அவர் சொல் கேட்டது அந்த மரியாதையால்தான் என்பார்கள். பாதி உண்மை. உறவே போதுமென்றால் துண்டு எதற்கு? ஆட்களின் கடனைக் கட்டினால் ஆளை விடுவதாகத் தோட்டம் எழுதிக் கொடுத்த அந்தச் சீட்டை வைத்துத்தானே கூட்டத்தோடு ஆட்கள் தோட்டம் விட்டுத் தோட்டம் மாற்றப்பட்டார்கள்! சரி, 1921 இல் சட்டம் துண்டை ஒழித்த பிறகும் ஒழுங்கு குலையவில்லையே, அப்படியானால் கடனும் காரணமல்லவே என்று கேட்கலாம். இது கொஞ்சம் வலுவான கேள்வி. கடன் போனது, காம்பரா தோட்டத்துடையதாகவே இருந்தது. வேலையை விட்டு நிறுத்தும் பத்துச்சீட்டு கையில் விழுந்தால் வேலையோடு கூரையும் போகும். 1924 இல் பதுளைக்கு ரயில் வந்தபோதும் ஊவாவில் இந்த ஏற்பாடு அப்படியேதான் இருந்தது.