அமெரிக்க எல்லைப்புறச் சிறுகதையில் யதார்த்தவாதமும் இயல்புவாதமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மேற்கு நோக்கி நகர்ந்த குடியேற்றத்தின் விளிம்பில் நிகழும் கதைகளே அமெரிக்க எல்லைப்புறச் சிறுகதை எனப்படுகின்றன. கலிஃபோர்னியாவின் தங்கச் சுரங்க முகாம்கள், நெப்ராஸ்காவும் கான்சாஸும் அடங்கிய சமவெளி, டெக்சாஸின் சிற்றூர்கள், கடைசியாக யூக்கானின் உறைபனிப் பகுதி ஆகியவை இவற்றின் களங்கள். யூக்கான் கனடாவைச் சேர்ந்ததுதான். ஆனாலும் அமெரிக்க வாசகர்கள் அதைத் தங்கள் எல்லையின் நீட்சியாகவே படித்தார்கள். ஏறத்தாழ 1865க்கும் 1910க்கும் இடையில் இக்கதைகளில் யதார்த்தவாதமும் இயல்புவாதமும் வேர்விட்டன. யதார்த்தவாதம் சாதாரண மனிதர்களை அவர்களுடைய பேச்சோடும் பழக்கத்தோடும் காட்டி, அவர்கள் எடுக்கும் முடிவுகளுக்கு எடை கொடுக்கும் என்றும், பின்னால் வந்த இயல்புவாதம் பரம்பரையும் சூழலும் மனிதனை ஆட்டிவைப்பதாகக் கருதும் என்றும் பாடநூல்கள் பிரித்துச் சொல்கின்றன. எல்லைப்புறக் கதை என்று வரும்போது இதோடு இன்னொரு சமன்பாடும் ஒட்டிக்கொள்கிறது: இயல்புவாதம் என்றால் பனி, வறட்சி, ஓநாய். கதைகளை நெருங்கிப் படித்தால் இது நிற்பதில்லை. நல்ல எல்லைப்புறக் கதைகளில் மனிதனை முறிப்பவை பெரும்பாலும் நிலத்தின் விலை, அடமானம், கூட்டு மௌனம், மிஷன் பள்ளி போன்ற மனித ஏற்பாடுகளே. அவற்றின் பழியை இயற்கையின் தலையில் கட்டுவதா, உரிய இடத்தில் வைப்பதா என்பதில்தான் இந்த எழுத்தாளர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் வேறுபடுகிறார்கள்.

இந்தக் கேள்வி இவ்வளவு கூர்மையாக எழுந்ததற்குச் சிறுகதை என்ற வடிவமும் ஒரு காரணம். இயல்புவாதத்தின் கொள்கையாளரான எமில் ஜோலா தம் ரூகோன்-மக்கார் வரிசையை 20 நாவல்களாக எழுதினார். ஒரு குடும்பத்தின் ரத்தத்தில் ஓடும் குடியும் வெறியும் தலைமுறைகளைத் தாண்டி வெளிப்படுவதைக் காட்ட அவருக்கு அவ்வளவு இடம் தேவைப்பட்டது. பத்திரிகையில் சில பக்கங்களுக்குள் முடிய வேண்டிய கதைக்கு அந்த வசதி கிடையாது. எல்லைப்புற மாந்தர்களோ எங்கிருந்தோ வந்து இறங்கியவர்கள். பலருக்குக் கதையில் முழுப்பெயர்கூட இருப்பதில்லை. எனவே பரம்பரை என்ற பாதி கழன்றுபோய், சூழல் என்ற பாதி மட்டும் மிஞ்சியது. அந்தச் சூழலையும் ஒரு நாளிலோ ஒரு இரவிலோ கண்ணுக்குத் தெரியும்படி காட்டியாக வேண்டும். பனிப்புயல் உடனே தெரிந்துவிடும். வட்டி அப்படித் தெரியாது. எழுத்தாளரின் திறமை இரண்டாவதைக் காட்டுவதில்தான் சோதிக்கப்பட்டது.

தொடக்கம் ப்ரெட் ஹார்ட்டிடம் இருக்கிறது. சான் பிரான்சிஸ்கோவில் 1868இல் தொடங்கிய 'ஓவர்லேண்ட் மன்த்லி' இதழின் ஆசிரியராக இருந்த அவர், அதே ஆண்டில் 'ரோரிங் கேம்ப்பின் அதிர்ஷ்டம்' கதையையும், 1869இல் 'போக்கர் ஃபிளாட்டிலிருந்து துரத்தப்பட்டவர்கள்' கதையையும் அதில் வெளியிட்டார். இரண்டாவது கதையில் ஊர்க்காரர்கள் ஒழுக்கம் என்ற பெயரில் சூதாடி ஓக்ஹர்ஸ்டையும் இன்னும் சிலரையும் ஊரைவிட்டு விரட்டுகிறார்கள். வழியில் பனி அவர்களைச் சூழ்ந்துகொள்கிறது. கெட்டவள் என்று பெயரெடுத்த ஒருத்தி தன் பங்கு உணவை ஓர் இளம்பெண்ணுக்காகச் சேர்த்து வைத்துவிட்டுப் பட்டினியால் சாகிறாள். ஹார்ட்டை யதார்த்தவாதியாகவே எண்ணக்கூடாது, அவர் கண்ணீர் வரவழைப்பவர் என்று சொல்பவர்கள் உண்டு. பாதி சரிதான். முகாமின் பேச்சுவழக்கையும் சீட்டாட்டத்தையும் அவர் இலக்கியத்துக்குள் கொண்டுவந்தார். ஆனால் அவருடைய பனி, கெட்டவர்களுக்குள் இருக்கும் நல்லதை வெளிக்கொணர்வதற்காகவே பெய்கிறது. அவர்களை விரட்டிய ஊர், பனி பெய்யத் தொடங்கியதும் கதையிலிருந்து மறைந்துவிடுகிறது. கொலைக்குக் காரணமான ஊர்க்குழுவைப் பற்றி வாசகர் மேற்கொண்டு யோசிக்கத் தேவையில்லாமல் போகிறது. பின்னால் வந்தவர்கள் சரிசெய்ய வேண்டியிருந்தது இந்த மறைப்பைத்தான்.

முதலில் சரிசெய்தவர் ஹாம்லின் கார்லண்ட். விஸ்கான்சினில் 1860இல் பிறந்து, அயோவாவிலும் டகோட்டாவிலும் பண்ணை வேலை பார்த்து, பிறகு பாஸ்டனுக்குப் போன அவர், 1891இல் ஆறு கதைகள் கொண்ட 'பலர் நடந்த பாதைகள்' தொகுப்பை வெளியிட்டார். அன்று யதார்த்தவாதத்தின் முதன்மைக் குரலாக இருந்த வில்லியம் டீன் ஹவல்ஸ் அதை மனமுவந்து வரவேற்றார். 1862ஆம் ஆண்டின் குடியேற்ற நிலச் சட்டம், ஐந்தாண்டு தங்கி உழுபவருக்கு 160 ஏக்கர் என்று வாக்களித்திருந்தது. ஆனால் நல்ல நிலத்தில் பெரும்பகுதி ரயில் நிறுவனங்களிடமும் ஊக வணிகர்களிடமும் போய்ச் சேர்ந்திருந்தது. தொகுப்பின் புகழ்பெற்ற கதையான 'சிங்கத்தின் பாதத்தடியில்' இதைத்தான் பேசுகிறது. விவசாயி ஹாஸ்கின்ஸின் விளைச்சலைக் கான்சாஸில் வெட்டுக்கிளிகள் தின்றுவிட்டன. அவர் குடும்பத்தோடு வெளியேறி, பட்லர் என்ற ஊக வணிகரின் பாழடைந்த பண்ணையைக் குத்தகைக்கு எடுக்கிறார். மூன்றாண்டு உழைப்பில் நிலம் செழிக்கிறது. ஒன்பது வயது மகன்கூட ஏர் ஓட்டுகிறான். வாங்கப் போகும்போது பட்லர் பழைய விலையைப் போல இரண்டு மடங்கு கேட்கிறார். உயர்ந்தது ஹாஸ்கின்ஸின் சொந்த உழைப்பு சேர்த்த மதிப்பு. அதற்கும் அவரே விலை கொடுக்க வேண்டும். வெட்டுக்கிளிகளுக்கு கார்லண்ட் ஒதுக்கியது ஒரு இரவுச் சாப்பாட்டுப் பேச்சு மட்டும்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். இயற்கை கொடுத்த அடியிலிருந்து அந்த மனிதர் எழுந்துவிட்டார். விலை கொடுத்த அடியிலிருந்து எழ வழியில்லை, ஏனெனில் பட்லர் சட்டத்தை மீறவே இல்லை.

இது கதை அல்ல, பொருளியலாளர் ஹென்றி ஜார்ஜின் நிலவரிக் கொள்கைக்குப் போட்ட வேடம் என்பது கார்லண்டின் மீது அன்றும் இன்றும் வைக்கப்படும் குற்றச்சாட்டு. கார்லண்ட் அந்தக் கொள்கையின் பிரச்சாரகராக இருந்தது உண்மை. ஹாஸ்கின்ஸ் வைக்கோல் முள்ளை ஓங்கி, தன் குழந்தையைக் கண்டதும் தாழ்த்தும் இறுதிக்காட்சி நாடக மேடையின் நெடியோடு இருப்பதும் உண்மை. ஆனால் அதே தொகுப்பில் 'பள்ளத்தாக்கின் மேலே' என்று சொல்லத்தக்க நீண்ட கதையில் பட்லரைப் போன்ற வில்லன் யாருமில்லை. நியூயார்க்கில் நடிகராகப் பேரெடுத்த அண்ணன் வீடு திரும்புகிறார். அடமானத்தில் பழைய பண்ணை போய்விட, தம்பி கிராண்ட் ஒரு மோசமான இடத்தில் சேற்றில் உழன்றுகொண்டிருக்கிறார். அண்ணன் பண்ணையை மீட்டுத் தருவதாகச் சொல்லும்போது, இனி எந்த உதவியாலும் பயனில்லை என்று கிராண்ட் மறுக்கிறார். பிரச்சாரம் இப்படி முடியாது. தீர்வு கைக்கெட்டும் தூரத்தில் வந்து பயனற்றுப் போவதைப் பிரச்சாரகர் எழுதத் துணியமாட்டார். வில்லா கேதரின் 'ஒரு வாக்னர் பகற்கச்சேரி' (1904) இதே காலதாமதத்தைப் பெண்ணின் பக்கமிருந்து காட்டுகிறது. பாஸ்டனில் இசை கற்பித்த ஜார்ஜியானா, கணவனோடு நெப்ராஸ்காவுக்குப் போய், வண்டிச் சக்கரத்தில் சிவப்புக் கைக்குட்டையைக் கட்டி அதன் சுற்றுகளை எண்ணி நிலத்தை அளந்தவர். முப்பதாண்டு கழித்துக் கச்சேரி கேட்கும்போதுதான் என்ன இழந்தோம் என்பது அவருக்குத் தெரிகிறது. இக்கதை நெப்ராஸ்காவில் சிலரைப் புண்படுத்தியது. கேதரும் பின்னாளைய பதிப்புகளில் ஜார்ஜியானாவின் தோற்ற வருணனையைத் தணித்தார். சோகக் கதை என்பதற்காக யாரும் கோபப்படுவதில்லை. காரணம் தங்கள் ஊரில் இருப்பதாகச் சொன்னால் கோபம் வரும்.

ஸ்டீபன் கிரேன் இந்த விவாதத்தைக் கதையின் கட்டமைப்புக்குள்ளேயே வைத்தார். 1895இல் செய்தி நிறுவனம் ஒன்றுக்காக மேற்கே பயணம் செய்து நெப்ராஸ்காவின் வறட்சியை நேரில் கண்ட அவர், 1898இல் 'நீல ஹோட்டல்' கதையை வெளியிட்டார். பனிப்புயலில் ரோம்பர் கோட்டை என்ற நெப்ராஸ்கா ஊரில் இறங்கும் ஸ்வீடன்காரர், மலிவு சாகச நாவல்களைப் படித்து, மேற்கு என்றால் கொலை என்று நம்புபவர். ஹோட்டல் முதலாளியின் மகன் சீட்டில் ஏமாற்றுவதாகக் குற்றம் சாட்டி, கொட்டும் பனியில் அவனோடு சண்டையிட்டு வெல்கிறார். பிறகு மதுக்கடையில் ஒரு சூதாடியை வம்புக்கு இழுத்து அவன் கத்தியால் சாகிறார். விலைத் தொகையைக் காட்டும் கல்லாப்பெட்டியின் வாசகத்தில் அவருடைய செத்த கண்கள் நிலைத்திருக்கின்றன. இத்தோடு நின்றிருந்தால், புயலும் மனப்பிரமையும் ஒருவனைக் கொன்ற கதை என்று முடித்துவிடலாம். கிரேன் நிறுத்தவில்லை. பல மாதம் கழித்து, அதே ஹோட்டலில் தங்கியிருந்த கிழக்கத்தியர் ஒருவர், உடன் தங்கியிருந்த மாட்டுக்காரரிடம் உண்மையைச் சொல்கிறார்: மகன் ஏமாற்றியது நிஜம், தாம் பார்த்தும் வாய் திறக்கவில்லை, சாவில் ஐந்து பேருக்குப் பங்கிருக்கிறது. சூதாடிக்குக் கிடைத்ததோ மூன்றாண்டுச் சிறை.

இந்தக் கடைசிப் பகுதி ஒட்டுப்போட்டது, இயல்புவாதக் கதைக்கு நீதிபோதனை வால் வைத்தது என்று ஒரு தரப்பு சொல்லும். அப்படியானால் முந்தைய பகுதிகளில் புயல் எதைச் செய்தது என்று கேட்டுப் பார்க்கலாம். அது ஆட்களை ஒரு கூரைக்குக் கீழே அடைத்தது. அதற்கு மேல் எதுவும் செய்யவில்லை. சண்டைக்குப் பிறகு ஸ்வீடன்காரர் புயலில் தனியாக நடந்து மதுக்கடையைப் பத்திரமாக அடைகிறார். பனி அவரை விட்டுவிட்டது. கொன்றது, உள்ளே சூடான அறைகளில் நடந்தவை. கிழக்கத்தியரின் கணக்கும் முழுமையானதல்ல; ஸ்வீடன்காரரின் குடிவெறியை அது குறைத்தே எடைபோடுகிறது. மாட்டுக்காரருக்கோ அவர் சொல்வது கடைசிவரை விளங்கவில்லை. ஆகவே கிரேன் நீதி சொல்லவில்லை. காரணங்களின் பட்டியலில் புயல் என்ற முதல் பெயரை அடித்துவிட்டு, அடுத்த பெயர்களை வாசகரிடம் விட்டுவிடுகிறார்.

இதற்கெல்லாம் எதிர்ச்சாட்சியாக ஜாக் லண்டனை நிறுத்துவார்கள். 1897இன் கிளாண்டைக் தங்க வேட்டைக்குப் போய்த் திரும்பிய அவருடைய 'தீ மூட்ட' (1908) கதையில் மனிதனுக்குப் பெயர் இல்லை, துணைக்கு ஒரு நாய் மட்டும், குளிர் பாரன்ஹீட்டில் சுழியத்துக்குக் கீழே 75 டிகிரி. மரத்தடியில் மூட்டிய தீயின் மேல் கிளைப்பனி விழுந்து அணைக்கிறது; அவன் உறைந்து சாகிறான். இங்கே நிலவிலையும் இல்லை, சீட்டாட்டமும் இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். எனினும் லண்டன் இதே கதையின் முந்தைய வடிவத்தை 1902இல் சிறுவர் பத்திரிகையொன்றில் வெளியிட்டிருந்தார். அதில் டாம் வின்சென்ட் என்ற பெயருள்ள இளைஞன் பாடம் கற்றுப் பிழைக்கிறான். குளிர் இரண்டிலும் குளிர்தான். இரண்டாம் வடிவத்தில் மாறியது மனிதன்: அந்த நாட்டுக்குப் புதியவன், எண்களை அறிந்தும் அவற்றின் பொருளை அறியாதவன், தனியே போகாதே என்ற முதியவரின் எச்சரிக்கையைச் சிரித்துத் தள்ளியவன். எல்லைப்புறம் தனி ஆளின் துணிவுக்குப் பரிசளிக்கும் என்ற நம்பிக்கையே அவனைப் பாதையில் தனியாக இறக்கிவிட்டது. பனி தண்டனையை நிறைவேற்றியது என்று சொல்லலாம். தீர்ப்பு வேறு இடத்தில் எழுதப்பட்டிருந்தது.

லண்டனின் 'வாழ்வின் விதி' (1901) இவ்வளவு எளிதில் வளைந்து கொடுக்காது. பழங்குடி முதியவர் கொஸ்கூஷைக் கூட்டத்தார் கொஞ்சம் விறகோடு பனியில் விட்டுச் செல்கிறார்கள், ஓநாய்கள் நெருங்குகின்றன, இனம் வாழ, தனி உயிர் சாவது விதி என்று அவரே தேற்றிக்கொள்கிறார். இயற்கையே சட்டம் என்ற கொள்கைக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எல்லைப்புறக் கதைகளில் அரிது. ஆனால் அந்த முதியவரின் வாயில் இருப்பது, லண்டன் விரும்பிப் படித்த ஹெர்பர்ட் ஸ்பென்சரின் தத்துவம். பழங்குடியினரை இயற்கையின் ஒரு பகுதியாகவே காண்பதால்தான் அவர்களைக் கொண்டு அந்தத் தத்துவத்தை நிரூபிக்க முடிகிறது. யாங்டன் டகோட்டா இனத்தவரான ஜிட்கலா-ஷா அதே 1901இல் 'ஹார்ப்பர்ஸ்' இதழில் எழுதிய 'இளகிய மனமுடைய சூ' கதையிலும் பனியில் ஒரு கிழத்தந்தை சாகிறார். மிஷன் பள்ளியில் ஒன்பது ஆண்டு படித்துப் போதகனாகத் திரும்பும் மகனுக்கு வேட்டையாடத் தெரியாது. கொல்லாதே என்பதைத்தான் அங்கே கற்றிருக்கிறான். அவனை ஏற்காத கூட்டம் முகாமைப் பெயர்த்துப் போய்விடுகிறது. பசித்த தந்தை, மலைக்கு அப்பால் கால்நடைகள் மேய்வதைச் சொல்லி அனுப்புகிறார். மகன் ஒன்றை வெட்டித் திரும்பும் வழியில் துரத்தி வந்தவனைக் குத்திவிடுகிறான். கூடாரத்துக்கு வரும்போது தந்தை இறந்து கிடக்கிறார். அவன் சரணடைந்து தூக்குக்குக் காத்திருக்கிறான். கிழவர், பசி, பனி என்று இரு கதைகளிலும் பொருள்கள் ஒன்றே. லண்டனிடம் காரணமாக நிற்கும் விதிக்கு இங்கே ஒரு பள்ளியும், வேலியிட்ட மந்தையும், ஒரு நீதிமன்றமும் முகவரியாகின்றன.

இவ்வாறு படித்தால் இயல்புவாதமே கரைந்து வெறும் சமூக எதிர்ப்பாகிவிடும் என்று ஒரு மறுப்பு எழலாம். கரையவில்லை. ஜிட்கலா-ஷாவின் இளைஞனுக்குத் தப்பும் வழி எந்தப் பக்கத்திலும் இல்லை. பள்ளிக்குக் கீழ்ப்படிந்தால் தந்தை சாவார், தந்தைக்குக் கீழ்ப்படிந்தால் தூக்கு. ஃபிராங்க் நாரிஸின் 'கோதுமை வியாபாரம்' (1902) கதையிலும் கான்சாஸ் விவசாயி, சிகாகோ சந்தையில் விலையை இறக்கியவர்களால் நிலத்தை இழக்கிறார். பிறகு அதே சிகாகோவில் இலவச ரொட்டி வரிசையில் நின்று, விலையை ஏற்றியவர்களால் அதுவும் நிறுத்தப்படுவதைக் காண்கிறார். அந்த வியாபாரிகளில் ஒருவருக்குக்கூட அவர் பெயர் தெரியாது. நிர்ப்பந்தம் ஓநாயிடமிருந்து வந்தாலும் ஒப்பந்தத்திலிருந்து வந்தாலும் சிக்கியவனுக்கு இறுக்கம் ஒன்றுதான். எழுதுபவருக்கு வேலை வேறு: ஓநாயை வருணித்தால் போதும், ஒப்பந்தத்தைக் காட்ட அதை யார் எழுதினார், யார் லாபம் அடைந்தார், சட்டம் எப்படி இடம் கொடுத்தது என்பவற்றை எல்லாம் உரையாடலிலும் பண்டங்களிலும் பதிக்க வேண்டும். அதற்கு யதார்த்தவாதியின் கண் வேண்டும். எல்லைக்கோடு என்று ஒன்று இனி இல்லை என 1890ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பை வைத்து வரலாற்றாசிரியர் ஃபிரெடரிக் ஜாக்சன் டர்னர் 1893இல் அறிவித்தபோது, எல்லை அமெரிக்கரைச் சுதந்திர மனிதராக்கியது என்ற விளக்கத்தையும் சேர்த்தே சொன்னார். அதற்கு இரண்டாண்டு முன்பே கார்லண்டின் தொகுப்பு கடைகளில் இருந்தது. ஹாஸ்கின்ஸ் போன்றவர்கள் அதில் வட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள்.