பல்தர வகுப்பறையும் தோட்டப் பிள்ளைகளின் முதல் ஐந்தாண்டுகளும்

கண்டி நகரின் பெயர்பெற்ற பாடசாலைகளில் முதலாம் தர அனுமதிக்காகப் பெற்றோர் அலைமோதுவது ஆண்டுதோறும் நாம் காணும் காட்சியாகும். அதே நகரிலிருந்து கலஹா, தெல்தோட்டை, புசல்லாவைப் பகுதிகளுக்குச் செல்வோர் வேறொரு காட்சியைக் காணலாம். ஐந்தாம் தரம் வரை மட்டுமே கொண்ட சிறிய தமிழ்ப் பாடசாலை. ஆசிரியர் ஒருவரே ஒரே வேளையில் இரண்டு, மூன்று தரங்களுக்குக் கற்பித்துக்கொண்டிருப்பார். ஒரு தரத்துக்குக் கணக்கைக் கரும்பலகையில் எழுதிவிட்டு மறு தரத்தின் வாசிப்பைக் கேட்கச் செல்வார். அவர் திரும்பி வரும்வரை முதல் வரிசைப் பிள்ளைகள் காத்திருக்க வேண்டியதுதான்.

ஆசிரியர் வராமையால் மட்டும் நேர்ந்த நிலை அல்ல இது. ஆசிரியர் ஆளணி மாணவர் தொகைக்கேற்பவே வகுக்கப்படுகிறது. ஆகவே பிள்ளைகள் குறைந்த பாடசாலையில் தரங்களின் எண்ணிக்கையை விட ஆசிரியர் எண்ணிக்கை குறைவாக இருப்பது இயல்பாகிவிடுகிறது.

1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களின் பின்னர், தோட்ட நிர்வாகங்களின் கீழிருந்த பாடசாலைகளை அரசாங்கம் கட்டங்கட்டமாகப் பொறுப்பேற்றது. 1980களின் நடுப்பகுதியிலிருந்து சுவீடன் நாட்டு உதவியுடன் கட்டடங்களும் ஆசிரியர் பயிற்சியும் கிடைத்தன. இந்த வரலாற்றை விரிவாக ஆராய்ந்து 1999இல் நூலாக வெளியிட்டவர் இலண்டன் பல்கலைக்கழகக் கல்வி நிறுவனத்தைச் சேர்ந்த பேராசிரியை ஏஞ்சலா லிட்டில். பல்தர வகுப்புகள் பற்றி அவர் பதிப்பித்த ஆய்வுத் தொகுப்பு 2006இல் வெளிவந்தது. வளர்முக நாடுகள் பலவற்றில் பல்தர வகுப்புகள் பரவலாக இருந்தும் பாடத்திட்டமும் ஆசிரியர் பயிற்சியும் அவற்றைக் கண்டுகொள்வதில்லை என்பது அதிலிருந்து தெளிவாகிறது.

அத்தொகுப்பில் இலங்கை ஆய்வாளர் மஞ்சுளா விதானபத்திரணவின் ஆய்வு நமக்கு மிகவும் பயன்படக்கூடியது. கிராமப்புறப் பல்தர வகுப்புகளுக்கு ஏற்ப ஆரம்பக் கணிதப் பாடத்திட்டத்தை ஆசிரியர்களோடு சேர்ந்து அவர் மாற்றியமைத்தார். வெவ்வேறு தரங்களில் சிதறிக் கிடக்கும் ஒரே விடயத்தை ஒன்றுதிரட்டி, எல்லாருக்கும் பொதுவாகத் தொடங்கி, பின்னர் அவரவர் நிலைக்கேற்ற பயிற்சியைக் கொடுப்பது இம்முறையின் சாரம். உதாரணமாகப் பின்னங்களை எடுத்துக்கொள்வோம். சிறியவர் கடதாசியை மடித்துப் பாதியையும் காலையும் அறிய, மூத்தவர் அவற்றைக் கூட்டிப் பார்ப்பர். காத்திருப்பு நேரம் கற்றல் நேரமாகிவிடுகிறது.

இதற்கு நமது கல்விமுறையில் இடமில்லை எனக் கூற இயலாது. 1999இல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் 1, 2ஆம் தரங்களை ஒரு முதன்மை நிலையாகவும் 3, 4ஆம் தரங்களை மற்றொன்றாகவும் இணைத்தது. விளையாட்டு, செயற்பாடு ஆகியவற்றிலிருந்து படிப்படியாக எழுத்துவேலைக்கு நகரும் ஒழுங்கும் அதில் இருந்தது. எனினும் பாடநூலும் ஆசிரியர் வழிகாட்டியும் தரத்துக்கு ஒன்றாகவே அச்சிடப்பட்டன. போதாக்குறைக்கு ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை வேறு. ஒரே ஆசிரியரைக் கொண்ட வகுப்பில் அப்பரீட்சைக்குத் தோற்றும் பிள்ளைகளின் பக்கமே அவர் கவனம் சாய்வதைக் குறைகூறவும் முடியாது.

அயலில் தமிழ்மொழியிலேயே ஒரு முன்னுதாரணம் உண்டு. ஆந்திராவின் ரிஷிவேலிப் பள்ளியின் கல்வி அட்டை முறையைத் தழுவி, 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கப்பட்டது. பின்னர் அது தமிழகம் முழுவதும் பரவியது. பிள்ளை தன் வேகத்தில் படிப்படியாக முன்னேற, ஆசிரியர் குழு குழுவாக உதவுவார். அட்டைகளை நிரப்புவதே கற்றலாகிவிட்டது என்ற விமர்சனமும் அங்கு எழுந்தது. ஆகவே அப்படியே இறக்குமதி செய்வது விவேகமல்ல. ஆயினும் தமிழில் தயாரிக்கப்பட்ட சாதனங்களையும் அவற்றின் குறைநிறைகளையும் ஆராயாதிருப்பது அதைவிடப் பெரிய தவறு.

2025இல் அறிவிக்கப்பட்ட கல்விச் சீர்திருத்தங்களின் பின்னணியில் இக்கேள்வி அவசரமானது. புதிய கற்றல் தொகுதிகள் தரத்துக்கொரு ஆசிரியர் உண்டென்ற எண்ணத்தில் எழுதப்படுமாயின், தோட்டப் பாடசாலை மீண்டும் கணக்கில் வராது. பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் பயிலும் ஆசிரியர்களுக்குப் பல்தரக் கற்பித்தல் கட்டாய நேரடிப் பயிற்சியாக வேண்டும். தேசிய கல்வி நிறுவகம் இரு தரங்களுக்குப் பொதுவான தமிழ் வழிகாட்டியொன்றை முதலில் கணிதத்துக்காவது வெளியிடலாம். அதனைப் பரீட்சித்துப் பார்க்கக் களம் தேடி அலைய வேண்டியதில்லை. பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்தின் ஊடாகச் செல்லும் வீதியே கலஹாவுக்கும் செல்கிறது.