பிலோமிக்கு முன்னால் யார்?

1544 செப்டம்பர் 5 அன்று ஆலந்தலையிலிருந்து ஒரு கடிதம் புறப்பட்டது. எழுதியவர் பிரான்சிஸ் சவேரியார். யாருக்கு என்றால், அவருடைய உதவியாளர் மன்சிலாஸுக்கு. தூத்துக்குடியில் போர்த்துக்கீசியக் கேப்டனின் வீடும் கப்பலும் எரிந்துபோயின, மனிதர் தீவில் ஒதுங்கிக் கிடக்கிறார், குடிதண்ணீரும் சாப்பாடும் ஏற்றிக்கொண்டு உடனே போ என்பது அதன் சாரம். திருச்செந்தூருக்குத் தெற்கே ஒட்டிக் கிடக்கும் இந்தச் சின்னக் கடற்கரை ஊர், ஐரோப்பிய ஆவணத்தில் ஒரு ஆபத்துச் செய்தியின் முகவரியாக ஏறியிருக்கிறது.

நான் தேடிப் போனது வேறொன்றை. இந்தக் கரையில் ஒரு பெண் ஒருவனை விரும்பினாள், அவனை இழந்தாள், பிறகு தன் காலில் எழுந்து நடந்தாள் என்பது எப்போது கதையாக எழுத்தில் ஏறியது? தமிழ் இலக்கியம் படித்தவர்கள் உடனே ஒரு பெயர் சொல்வார்கள்: பிலோமி. வண்ணநிலவன் எழுதி 1977இல் வெளிவந்த 'கடல்புரத்தில்' நாவலின் நாயகி. அவளுக்கு முன்னால் யாராவது உண்டா என்பதுதான் என் கேள்வி.

பழைய தாள்களிலிருந்தே தொடங்கினேன். சவேரியாரின் கடிதங்களில் பெண்கள் வராமல் இல்லை. ஆனால் எப்படி வருகிறார்கள்? அதே 1544இல் மணப்பாட்டிலிருந்து எழுதும்போது, சாராயம் குடிக்கும் பெண்களுக்கு அபராதமும் மூன்று நாள் காவலும் என்கிறார். பெயர் கிடையாது. அவள் ஏன் குடித்தாள் என்ற கேள்வியும் கிடையாது.

அடுத்த தடயம் அச்சகத்தில். சவேரியாருக்குப் பின் இந்தக் கரையில் அரை நூற்றாண்டு உழைத்த அண்டிரிக் அடிகளார் தமிழிலேயே எழுதி அச்சிட்டார். 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்', 1580இல் கொச்சியில் பாவசங்கீர்த்தனத்துக்கான 'கொம்பெசியொனாயரு', 1586இல் புன்னைக்காயலில் 'அடியார் வரலாறு'. ஆலந்தலைக்கு வடக்கே, தாமிரபரணி கடலில் சேரும் இடத்து ஊர் புன்னைக்காயல். பதினாறாம் நூற்றாண்டிலேயே அச்சில் நீண்ட தமிழ் உரைநடைக் கதை வெளிவந்த கரை இது என்றால், காதல் கதையும் எங்காவது ஒளிந்திருக்கலாம் என்று எனக்கு ஆசை. கிடைத்ததோ இரண்டு வகை. 'அடியார் வரலாறு' புனிதர்களின் கதை. கணவனும் குடும்பமுமாகக் கரையில் வாழ்கிற பெண்ணுக்கு அதில் இடமில்லை. பாவசங்கீர்த்தன நூலில் ஆசை வருகிறது, ஆனால் ஆறாம் கட்டளையின் கீழ் கேட்கப்படும் கேள்வியாக. பதில் சொன்னவளின் குரல் குருவானவரின் காதோடு முடிந்துவிட்டது.

மூன்றாவது தடயம் பங்குப் பதிவேடுகள். கத்தோலிக்கக் கரையூர்களில் கல்யாணத்துக்கு முன் கோயிலில் ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசிப்பார்கள். கல்யாணம் முடிந்ததும் மணமக்கள், பெற்றோர், சாட்சிகள் பெயர் ஏட்டில் ஏறும். மணமகள் கணவனை இழந்தவள் என்றால் அதுவும், இறந்துபோன கணவன் பெயரும் பதிவாகும். அத்தை மகன், மாமன் மகள் என்றால் திருச்சபையின் விலக்கு பெற்ற குறிப்பும் இருக்கும். இந்து விதவை மறுமணம் சட்டமாவதற்கு 1856 வரை காத்திருந்த நாட்டில், இந்த ஏடுகளில் அது சாதாரணமான ஒரு வரி. மறுவாழ்வு இங்கே நடந்தது என்பதற்குச் சாட்சி கிடைத்தாயிற்று. ஆனால் அந்த வரிக்குள் மனசு இல்லை. அவள் விரும்பிச் சம்மதித்தாளா, பிள்ளைகளுக்குச் சோறு வேண்டுமென்று தலையாட்டினாளா என்று ஏடு சொல்லாது.

முத்துக்குளிப்பைப் பற்றிய பேச்சிலும் இதே நிலைதான். குளிகாரன் இறங்கும்போது மேலே கயிறு பிடிப்பவன் அவனுடைய மச்சானாக இருப்பான் என்பது கரை முழுக்கச் சொல்லப்படுவது. தங்கை தாலியறுக்கக் கூடாது என்ற கவலை உள்ளவன்தான் கயிற்றில் கண்ணாக இருப்பான் என்பது அதன் நியாயம். ஒரு பெண்ணின் வாழ்வு இரண்டு ஆண்களுக்கு நடுவே ஒரு கயிற்றில் தொங்குகிறது. அவள் மட்டும் படகில் இல்லை. 1961க்குப் பிறகு தூத்துக்குடியில் அரசு முத்துக்குளிப்பு நடக்கவில்லை. அந்தக் கயிறு போனபின் அவள் என்ன செய்தாள் என்பதற்கு இந்தப் பேச்சில் பதில் இல்லை.

பெண்கள் எழுதியதைத் தேடினால் கிடைக்குமோ என்று வழியை மாற்றினேன். கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில், யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவப் பெண்ணான மங்களநாயகம் தம்பையா 1914இல் 'நொறுங்குண்ட இருதயம்' நாவலை வெளியிட்டார். கணவனின் கொடுமையைப் பொறுத்துப் பொறுத்துத் தேய்கிற கண்மணியின் கதை. இந்தப் பக்கம் சென்னையில், எழுதவே தெரியாமல் தன் முதல் நாடகத்தைத் தோழியிடம் சொல்லி எழுதுவித்த வை.மு. கோதைநாயகி, 1925 முதல் 'ஜகன்மோகினி'யை நடத்தி 115 நாவல்கள் எழுதிக் குவித்தார். காதல், கைம்மை, மறுமணம் எல்லாம் இந்த வரிசையில் உண்டு. ஆனால் கதை நடப்பது கற்றவர் வீட்டுக் கூடத்தில். மீன் கூடை அங்கே நுழையவில்லை.

இந்த இடத்தில் நூலகப் பட்டியலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 'காதல்', 'குடும்ப நாவல்', 'பெண் எழுத்து' என்ற தலைப்புகளின் கீழ்த் தேடியவரை இந்தக் கரை எங்கும் தட்டுப்படவில்லை. தலைப்பை மாற்றி 'மீனவர்', 'உப்பளம்', 'வட்டார நாவல்' என்று போனால் புத்தகங்கள் வரிசையாக வந்தன. 1977இல் 'கடல்புரத்தில்'. 1978இல் ராஜம் கிருஷ்ணனின் 'அலைவாய்க் கரையில்'. 1979இல் அவருடைய 'கரிப்பு மணிகள்'. நானூறு ஆண்டு மௌனத்துக்குப் பிறகு, அடுத்தடுத்த மூன்று ஆண்டுகளில் மூன்று நாவல்கள். இவற்றைப் பற்றிய ஆய்வேடுகள் வாழ்வியல், தொழில், வர்க்கம் என்று தலைப்பிட்டுக்கொண்டு, உள்ளே இருக்கும் காதல் கதையைப் பின்னிணைப்பாக்கிவிட்டன. பட்டியல் போட்டவர்களும் அதே வழியில் போய்விட்டார்கள்.

அப்படிப் படித்தால் என்ன தவறுகிறது என்று பார்க்கலாம். பிலோமி, சாமிதாஸை விரும்புகிறாள். அவன் வேறொருத்தியைக் கட்டிக்கொள்கிறான். அவள் அவனைச் சபிப்பதில்லை, செத்துப்போவதும் இல்லை. அம்மா மரியம்மை போய்விட, அப்பா குரூஸ் மிக்கேல் நிலைகுலைய, ஊரில் வள்ளக்காரர்களுக்கும் லாஞ்சிக்காரர்களுக்கும் பகை முற்ற, அந்த வீட்டைத் தாங்கி நிற்பவள் அவள்தான். கல்யாணப் பதிவேட்டில் ஒரு வரியாகவும் ஏறியிருக்க மாட்டாள், ஏனென்றால் அவளுக்குக் கல்யாணமே நடக்கவில்லை. ஏடுகளில் இடமில்லாத பெண் நாவலில் நாயகியானாள்.

1925இல் முசிறியில் பிறந்த ராஜம் கிருஷ்ணன், எழுதுவதற்கு முன் போய்ப் பார்க்கிற வழக்கமுள்ளவர். 'வேருக்கு நீர்' நாவலுக்காக 1973இல் சாகித்திய அகாதமி விருது பெற்றபின்னும் உட்கார்ந்துவிடாமல் தென்கோடிக் கரைக்கு வந்தார். 'அலைவாய்க் கரையில்' நாவலில் சுறாத் துவி (துடுப்பு) குத்தகை, மீனில் கோயிலுக்குப் போகிற பங்கு, அதனால் மூண்ட கசப்பு எல்லாம் கதைக்குள் வந்தன. 'கரிப்பு மணிகள்' தூத்துக்குடி அளத்துக்குப் போனது. நாயகி பொன்னாச்சி கூலிக்கு உப்புச் சுமக்கிறவள். குடிக்க நல்ல தண்ணீருக்கே வழியில்லாத பாத்தியில், மேலாட்களின் கை நீளுகிற இடத்தில், ராமசாமி என்ற தொழிலாளியோடு அவளுக்கு அன்பு வளர்கிறது. அந்த அன்பு வளர்வதும் தொழிலாளர் ஒன்று சேர்வதும் ஒரே ஓட்டமாகப் போகின்றன. ஒன்றைப் பிரித்தெடுத்தால் மற்றது நிற்காது. ராஜம் கிருஷ்ணன் உயிரோடிருக்கும்போதே, 2009இல், தமிழக அரசு அவருடைய நூல்களை நாட்டுடைமையாக்கியது. விரும்புகிறவர் இணையத்தில் படித்துச் சரிபார்க்கலாம்.

ஏன் அந்த மூன்று ஆண்டுகள்? காரணம் இலக்கியத்தில் இல்லை, தொழிலில் இருக்கிறது என்று நினைக்கிறேன். முத்து முடிந்திருந்தது. விசைப்படகு வந்து நாட்டு வள்ளத்தின் பிழைப்பை அசைத்தது. கோயிலின் பங்கைக் கேள்வி கேட்கத் துணிந்தார்கள். அளத்தில் பெண்ணுக்குத் தனிக் கூலி, அது எவ்வளவு சொற்பமானாலும், அவள் கையில் விழுந்தது. புருஷனின் படகு ஒன்றே வாழ்வு என்ற கணக்கு உடைந்தபோதுதான், இனி அவள் என்ன முடிவெடுப்பாள் என்று கேட்க ஒரு கதைக்கு இடம் வந்தது. பிலோமி மனத்தால் மீள்கிறாள். பொன்னாச்சி கூலியால் மீள்கிறாள். முந்தைய ஏடுகளில் இரண்டுக்கும் கட்டம் இல்லை.

எதிர்ச்சாட்சி ஒன்றையும் விசாரிக்க வேண்டும். 1938இல் திருச்செந்தூர்ப் பக்கம் பிறந்தவர் ரமணிசந்திரன். தமிழ்நாட்டில் காதல் நாவல் என்றால் முதலில் வருகிற பெயர். நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள், வாடகை நூலகங்களில் கிழிந்து தைத்து மறுபடி கிழிகிற பிரதிகள். பிறந்த ஊருக்கு இவ்வளவு அருகில் கடல் இருந்தும், அவர் பெயரைச் சொன்னதும் வாசகிக்கு நினைவு வருவது தொழிலதிபர் வீடும் பிணக்கும் சமாதானமும்தான். இதைக் குறையாகச் சொல்லவில்லை. மதியம் பாத்திரம் கழுவி வைத்துவிட்டுப் படிக்க உட்காருகிறவளுக்குத் தன் வீட்டுக் கருவாட்டு வாடையே கதையிலும் வர வேண்டும் என்று சட்டமில்லை. ஆனால் வழக்கு தெளிவாகிறது: காதல் கதையின் ராணி இந்த மண்ணிலிருந்து போனார், இந்த மண்ணின் காதல் கதையோ தொழிலாளர் நாவல் என்ற பெயரில் இருந்தது.

ஆக, பிலோமிக்கு முன்னால் இருந்தவர்கள் அபராதம் கட்டியவள், ஆறாம் கட்டளைக்குப் பதில் சொன்னவள், இரண்டாம் முறை ஓலை வாசிக்கப்பட்டவள். நாயகியாக ஒருத்தியையும் நான் பார்க்கவில்லை. அவளை நாயகியாக்கியவர்களில் ஒருவர் திருநெல்வேலிக்காரர், மற்றவர் முசிறிக்காரர். 2004இல் 'ஆழி சூழ் உலகு' எழுதிய ஜோ டி குருஸ் உவரியின் பிள்ளை. கரைக்குள்ளிருந்து வந்த குரல், ஆனால் ஆண் குரல். கரைப் பெண்ணே தன் கையால் எழுதிய கதைதான் இனித் தேட வேண்டியது. அதற்கு நாவல் அலமாரி உதவாது. கோயில் திருவிழா மலர், கன்னியர் நடத்தும் பள்ளிகளின் ஆண்டு மலர், பங்கு இதழ் இவைதான் ஒரு பெண் தன் பெயரைப் போட்டு முதலில் எழுதுகிற இடங்கள். ஆலந்தலையிலோ அமலிநகரிலோ வீரபாண்டியன்பட்டினத்திலோ வீட்டுப் பரணில் அப்படி ஒன்று கிடந்தால், பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போடும் முன் கடைசிப் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். கதைகளை அங்கேதான் போடுவார்கள்.