சிப்பிக்கு இடம் பார்த்தவர்கள்

வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்து, அதில் சிப்பியையோ மட்டியையோ எங்கே வைப்பது என்று கேட்பது புதுப் பொழுதுபோக்கின் கேள்வி போலத் தோன்றும். மன்னார் வளைகுடாவில் அதற்கு 150 ஆண்டுக்கு மேல் வயது. அன்று கேட்டவர்கள் அழகுக்காகக் கேட்கவில்லை. முத்துக்காக, அதாவது அரசாங்க வருமானத்துக்காகக் கேட்டார்கள். முத்துக்குளிப்பு ஆண்டுக்கணக்கில் பொய்த்துவிட்டு, ஏதோ ஒரு பருவத்தில் அள்ளிக் கொடுக்கும். அப்படிப்பட்ட கடலை நம்பியிருப்பதைவிட, சிப்பியைப் பெயர்த்து நமக்குத் தோதான இடத்தில் வைத்துவிட்டால் என்ன என்று அதிகாரிகள் நினைத்ததில் வியப்பில்லை. சிப்பியை வைத்த இடத்தில் கிடக்கும் பண்டமாக எண்ணியவரை அந்த யோசனை கைகூடவில்லை என்பதே இந்தக் கரையின் வரலாற்றிலிருந்து எனக்குத் தெரிவது.

அது பண்டமல்ல என்பதற்குச் சான்று சீக்கிரமே கிடைத்திருந்தது. 1850களின் பிற்பகுதியில் திருகோணமலையில் முத்துச்சிப்பிகளை உயிரோடு வைத்துக் கவனித்த இயற்கையியலாளர் கெலார்ட், அவை தம்மைப் பாறையோடு கட்டியிருக்கும் நார்க்கற்றையைத் தாமே விட்டுவிட்டு நகர்ந்து, வேறிடத்தில் புதிதாக நார் விடும் என்று கண்டார். ஓட்டின் இடுக்கிலிருந்து நாக்குப் போல ஒரு கால் நீளும், தடவிப் பார்க்கும், பிடித்துப்போனால் ஒவ்வோர் இழையாக ஒட்டும். ஆக, இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் சிப்பிக்கும் பங்குண்டு. அது தானே நாரை விட்டால் சேதமில்லை. நாம் வெடுக்கென்று பிடுங்கினால் நார் சுரக்கும் இடமே கிழிந்துபோகும். தொட்டியில் வைத்த சிப்பிகள் சாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இருந்தும் 1902இல் இலங்கைப் பக்கத்துப் பார்களை, அதாவது முத்துச்சிப்பி படியும் கடலடித் திட்டுகளை, ஆராய வந்த விலங்கியலாளர்கள் ஹெர்ட்மனும் ஹார்னெலும் இடமாற்றத்தையே பெரிதும் நம்பினார்கள். அங்கே ‘பெரிய பார்’ என்ற திட்டில் குஞ்சுச் சிப்பிகள் கணக்கில்லாமல் வந்து படியும், தென்மேற்குப் பருவக்காற்று வந்தால் அடியோடு போய்விடும். அவற்றை முன்கூட்டியே வாரி, அடக்கமான பார்களில் கொண்டுபோய்ப் போடுங்கள் என்றார்கள். 1906இல் ஒரு லண்டன் கம்பெனி பார்களைக் குத்தகைக்கு எடுத்தது. 1907க்குப் பிறகு அதற்குக் குளிப்பே வாய்க்கவில்லை, 1912இல் கலைந்தது. கம்பெனியை வீழ்த்தியது இடமாற்றமல்ல, அதற்கு முந்தைய ஆண்டுகளில் கடலை வழித்தெடுத்த பேராசைதான் என்று சொல்லலாம். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் இருந்த சிப்பி ஏன் தீர்ந்தது என்பதற்குத்தான் பேராசை பதில். தீர்ந்ததை மாற்றிவைத்த சிப்பி ஏன் ஈடுகட்டவில்லை என்பதற்கு அது பதிலாகாது.

கேள்வியே மாறியது பாம்பனுக்கு அருகே, குருசடைத் தீவில். 1930களில் சென்னை மாகாண மீன்துறை அங்கே முத்துச்சிப்பிப் பண்ணை வைத்து, சிப்பிகளைக் கூண்டில் வளர்த்துக் கவனித்தது. மீன்துறை ஆய்வாளர்கள் தேவநேசனும் சிதம்பரமும் அதன் முடிவுகளை 1956இல் வெளியிட்டார்கள். எங்கே போடலாம் என்பது போய், எந்த நீரில், எந்த மாதத்தில் என்ன ஆகிறது என்ற விசாரணை வந்தது. அதற்கு இதைவிட வாகான கரை இல்லை. வாடை வீசும் மாதங்களில் பாம்பனுக்கு வடக்கே உள்ள வடகடல் கலங்கும், தெற்கே உள்ள தென்கடல் அடங்கியிருக்கும். தென்மேற்குக் காற்றில் தென்கடல் கொந்தளிக்கும். தூரம் சில கிலோமீட்டர்தான், நீரோ வேறு. 1949இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் மண்டபத்துக்கு வந்து சேர்ந்தது. அதன் விஞ்ஞானி அழகர்சாமி 1973இல் வேப்பலோடையில் உருண்டையான வளர்ப்பு முத்தை எடுத்துக்காட்டியபோது, சிப்பிகள் கடலடியில் கிடக்கவில்லை. மிதவையிலிருந்து கூடையில் தொங்கின.

தொட்டிப் பிரியர்கள் தேடுவது முத்துச்சிப்பியை அல்ல, வண்ணச் சதை விரியும் ராட்சச மட்டியை. அது தன் சதையில் குடியிருக்கும் பாசியைக் கொண்டு வெளிச்சத்தில் உணவு செய்துகொள்ளும், அதற்கு இந்த வரலாறு எதற்கு என்று கேட்கலாம். வெளிச்சம் வேறு சங்கதி என்பது சரி. பற்றும் நார் அதற்கும் உண்டே. பாறையில் ஒட்டி வாழும் இனத்தை மணலில் வைத்தால் தானே நகரப் பார்க்கும், நார் கிழிந்தால் அதற்கும் அதே கதிதான். தவிர, டிரிடாக்னா மாக்சிமா, டிரிடாக்னா ஸ்குவாமோசா என்ற இரண்டு ராட்சச மட்டிகளை 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். கல்பவளங்களையும் அப்போதே சேர்த்தார்கள். ஆக மட்டியைக் கடலிலிருந்து எடுக்கவும் வழியில்லை, அதை உட்கார்த்தப் பவளப்பாறையைப் பெயர்க்கவும் வழியில்லை.

சரி, சந்தையில் கறிக்கு விற்கும் சாதாரண மட்டியைத் தொட்டியில் விடலாமே என்பார்கள். அதற்கு வெளிச்சம் சோறு போடாது. நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்பது அது, தொட்டிக்காரரோ நீர் பளிங்காக இருக்கவேண்டும் என்று வடிகட்டியை ஓட்டுபவர். மணலுக்குள் புதைந்து வாழ்வதால் பட்டினியில் செத்தாலும் கண்ணுக்குத் தெரியாது; நீர் நாறத் தொடங்கிய பிறகுதான் தெரியும், அதற்குள் மீன்களும் மிதந்திருக்கும்.